சலங்கை கேட்காத சிடி பிளேயர்

இன்று காலை ஒருவர் பழைய டிவிடி பிளேயர் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினால் போர்டு முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. உன் சிடி பிளேயரை நாலைந்து முறை திறந்திருக்கிறேன். ஒரு முறைகூட அதற்குள் உப்பைப் பார்த்ததில்லை. இருக்கிறது என்று சொல்லித்தான் உன்னிடம் காசு வாங்கினேன்.

மரக்காணத்தில் எது கெட்டாலும் உப்புக் காற்றின் மேல்தான் பழியைப் போடுவோம். சைக்கிள் செயின், ஃபேன், டிவி, எல்லாவற்றுக்கும் அதே காரணம். யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். என் கடை ஓடியதே அதனால்தான்.

2004-இல், ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரர் விட்டுச்சென்ற பிளேயரைக் குயிலாப்பாளையத்துக் கடை ஒன்றில் வாங்கிவந்தாய். இருபது வருஷமாக உப்பளத்தில் டீசல் எஞ்சின் ஓட்டிப் பாத்திகளுக்குத் தண்ணீர் இறைத்தவன் நீ. அந்தத் தடதடப்பிலிருந்து வீட்டுக்கு வந்து பாட்டுக் கேட்பதுதான் உனக்கு இருந்த ஒரே ஆசை. "இதுல என்னென்ன மாத்தலாமோ எல்லாம் மாத்துடா, நல்லா கேக்கணும்" என்றாய். முதல் முறை நான் ஏமாற்றவில்லை. சென்னையிலிருந்து நல்ல கெப்பாசிட்டர்கள் வரவழைத்துப் போட்டேன். பின்பக்கத்துச் சாக்கெட்டுகளையும் மாற்றினேன். உனக்குப் பிடித்த பாட்டின் ஆரம்பத்தில் வரும் சலங்கை, பக்கத்து அறையில் யாரோ நடப்பதுபோல் கேட்டது. நீ என் தோளைப் பிடித்துக் குலுக்கினாய்.

அடுத்த வருஷம், சலங்கை போய்விட்டது என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாய். அதே பாட்டைப் போட்டேன். எனக்கு நன்றாகவே கேட்டது. நீயோ பிளேயரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மெல்லிய குரலில் கெட்ட வார்த்தை சொல்லி உன்னைத் திட்டிப் பார்த்தேன். நீ திரும்பவில்லை. எஞ்சின் உன் காதைத் தின்றிருந்தது.

அப்போதே சொல்லியிருக்கலாம். புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேர பஸ் பயணம்தான். நான், உப்புக் காற்று பட்டு ஐசி போய்விட்டது, அதைவிட உசத்தியான ஐசி போட்டு அப்கிரேடு செய்யவேண்டும் என்றேன். ஐசியைத் தொடவே இல்லை. சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும்படி ஒரு சின்ன ரெசிஸ்டரை மட்டும் மாற்றினேன். நாலு மாதம் சந்தோஷமாக இருந்தாய், பிறகு மறுபடி வந்தாய். நானும் மறுபடி அதையே செய்தேன். நீ தலையைச் சாய்த்துச் சலங்கையைத் தேடுவதை டீக்கடையில் நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்கவைத்தேன். எனக்குப் பணமுடை இருந்தது உண்மை. அதைவிட, உன்னை ஏமாற்றுவது எனக்குப் பிடித்திருந்தது.

கடைசி முறை நீயே கேட்டாய்.

"மெஷின்தானா? இல்ல, என் காதாடா?"

"உனக்குப் பாம்புக் காதுடா. மெஷின்தான்" என்றேன்.

நிம்மதியாகச் சிரித்துவிட்டுப் பெட்டியை வைத்துவிட்டுப் போனாய்.

அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் 2006 கோடையில் ஒரு மதியம் உப்பளத்துக்கு வந்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வண்டிப் பாதையில் நின்றிருந்தாய். உப்பு ஏற்ற வந்த லாரி உன்னை நோக்கிப் பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. உப்பு வாரும் பெண்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள். நான் உன் பேரைச் சொல்லிக் கத்தினேன். நீ திரும்பவில்லை.

உன்னைக் கிடத்தியிருந்த கூடத்தில் உன் மனைவி என்னைத்தான் கேட்டாள். "பாட்டுல சின்ன சத்தம் குறைஞ்சாகூடக் கண்டுபிடிக்கிற மனுஷன்ணா. லாரி வந்தது எப்படிக் கேக்காம போச்சு?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"டிரைவர் ஹார்ன் அடிக்கலம்மா" என்றேன்.

டிரைவர் பொம்மையார்பாளையத்துக்காரர். அடித்தேன், அடித்தேன் என்று அழுதார். பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான் ஒருவன்தான் என்பதால் அவரை ஒருவரும் நம்பவில்லை. உன் மச்சான்கள் அவரைப் போட்டுப் புரட்டியெடுத்தார்கள். அதன் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை என்று கேள்வி.

உன் நினைவாக என்னிடம் ஒரு போட்டோகூடக் கிடையாது. அந்த ஹார்ன் சத்தம்தான் இருக்கிறது. அவர் மூன்று முறை அடித்தார். மூன்றும் எனக்குக் கேட்டது.