இன்றைய தக்காளி எங்கள் வயலுடையது அல்ல

ஜூன் 4

அன்புள்ள அத்தைக்கு,

இங்கு நலம். நீங்களும் நலம்தான். நேற்றுக் கடையில் என்னைத் திட்டியபோது குரலில் ஒரு குறையும் தெரியவில்லை. "எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்றீர்கள். இதோ.

மூன்று மாதத்துக்கு முன் நம் கூட்டுறவுக் காய்கறிக் கடையின் இளைஞர் அணிக்கு என்னைத் தலைவி ஆக்கினீர்கள். படம் எடுத்து வாசலில் மாட்டினீர்கள். அதற்கப்புறம் நாங்கள் பதினொரு பேரும் நாற்காலி தூக்கினோம், பேனர் பிடித்தோம். ஒரு கூட்டத்திலும் எங்களை வாய் திறக்க விடவில்லை.

அதை விடுங்கள். நேற்றுக் காலை பின்கட்டில் பன்னிரண்டு பெட்டித் தக்காளி இருந்தது. பெட்டிமேல் மொத்தச் சந்தையின் முத்திரைச் சீட்டு. எடை போடுகிற அண்ணன் அதைக் கிழித்துவிட்டு, 'பக்கத்து வயலில் மருந்து அடிக்காமல் விளைந்தது' என்ற நம் சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். "அத்தை சொன்னாங்க" என்றார்.

இது பொய் இல்லையா?

உங்கள் மருமகள்,
சிட்டு

ஜூன் 6

சிட்டு,

அன்புள்ள என்று ஆரம்பித்து அடிமடியில் கை வைக்கிறாய்.

பதினெட்டு வருஷமாக இந்தக் கடையைக் கட்டி இழுக்கிறேன். உனக்குப் பால்பல் விழாத வயதில் சைக்கிளில் கீரைக்கட்டோடு வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். உன் அப்பா வயலில் கருகல் நோய். அவரைத் தவிர நமக்குத் தக்காளி போடுகிறவர் யார்? தட்டு காலியாக இருந்தால் ஜனம் எதிரே இருக்கும் பெரிய கடைக்குப் போகும். அப்புறம் கத்தரிக்காய்க்கும் திரும்பி வராது. நாற்பது குடும்பம் விளைவித்ததை நீயா தின்று தீர்ப்பாய்?

இன்னும் ஒரு மாதம். வாயை மூடிக்கொண்டு இரு. தலைவி என்று பெயர் கொடுத்தேன். தலையில் ஏறி உட்காரச் சொல்லவில்லை.

அத்தை

ஜூன் 7

அத்தைக்கு,

வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். கைதான் எழுதியது.

'இன்றைய தக்காளி எங்கள் வயலுடையது அல்ல. மொத்தச் சந்தைச் சரக்கு.' வாசல் பலகையில் இதை நீங்கள் ஈரத்துணியால் அழிப்பதற்குள் இருபது பேராவது படித்துவிட்டார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒரு அம்மா, "அப்போ இத்தனை நாளா வாங்கினது?" என்று கேட்டார். கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போனார். அவர் போனதற்கு வருத்தப்படுகிறேன். எழுதியதற்கு இல்லை.

'இந்த மாதம் தக்காளி இல்லை' என்று எங்களிடம் சொல்லியிருந்தால் வீடு வீடாகப் போய் நாங்களே பேசியிருப்போம். வேறு எதற்கு அத்தை எங்களைச் சேர்த்தீர்கள்? படத்துக்கா?

சிட்டு

ஜூன் 8

இளைஞர் அணியின் முன்னாள் தலைவிக்கு,

ஆமாம், படத்துக்குத்தான். அதையும் இன்று கழற்றிவிட்டேன்.

பின்கட்டுச் சாவியை எடை போடுகிறவரிடம் கொடுத்துவிட்டுப் போ.

தலைவர்

ஜூன் 15

தலைவர் அவர்களுக்கு,

இருபத்தைந்து உறுப்பினர்கள் கையெழுத்துப் போட்டால் பொதுக்கூட்டம் நடத்தியே ஆக வேண்டும். நீங்கள் எழுதிய விதிதான். முப்பத்தொரு கையெழுத்து இத்துடன் இருக்கிறது. நாங்கள் பதினொரு பேரும் சைக்கிள் மிதித்து வயல் வயலாகப் போய் வாங்கியது. பலர், "உங்க வயசுல எங்ககிட்ட வந்து பேசினது நீங்கதான்" என்றார்கள். சிலர் நாயை அவிழ்த்துவிட்டார்கள்.

கூட்டம் 22ஆம் தேதி. ஒரே ஒரு கேள்வி கேட்பேன். செடிக்கு நோய் வருவது யார் குற்றமும் இல்லை. அதைச் சொல்ல உங்களுக்கு என்ன வெட்கம்?

சிட்டு

ஜூன் 17

ஏண்டி,

நோய் வந்தது யார் குற்றமும் இல்லைதான். அப்புறம் நடந்தது?

முப்பது வயலுக்குச் சைக்கிள் மிதித்தாயே, உன் வீட்டு வயலுக்குப் போனாயா? போய்ப் பார். அங்கே செடி நிறையப் பழம் தொங்குகிறது. பாதிச் செடி கருகியதும் உன் அப்பா பயந்துபோய் மருந்து அடித்துவிட்டார். மறுநாளே என்னிடம் வந்து நின்றார். "தப்புப் பண்ணிட்டேன்மா. சிட்டுக்குத் தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டா." அறுபது வயது மனுஷன், என் அண்ணன், மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்கிறார்.

அந்தப் பழத்தை நம் சீட்டோடு விற்க எனக்கு மனசு வரவில்லை. தட்டைக் காலியாக வைத்தால் ஏன் என்று பார்க்க நாலு பேர் அவர் வயலுக்குப் போவார்கள். அதனால் வெளியே வாங்கினேன். அவரைக் கூட்டத்தின் நடுவில் நிறுத்த எனக்கு மனசு இல்லை. உனக்கு இருக்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வேலையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் கண் பரிசோதிக்கிறாய். சொந்த வீட்டில் நடப்பது தெரியவில்லை. இப்போது போய்க் கேள் உன் கேள்வியை.

அத்தை

ஜூன் 23

அத்தைக்கு,

நீங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. என்ன நடந்தது என்று யாராவது திரித்துச் சொல்வதற்கு முன் நானே எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே அப்பாவிடம் கேட்டேன். "ஆமா" என்றார். பிறகு, "கூட்டத்துல நீ சொல்லப் போறியா, நான் சொல்லணுமா?" என்றார். "நீங்களே சொல்லுங்கப்பா" என்றேன்.

சொன்னார். எழுந்து, "நான் மருந்து அடிச்சேன். தங்கச்சி எனக்காக மறைச்சா" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பின்வரிசையில் ஒருவர், "மக ஊருக்கு உபதேசம், அப்பன் கையில மருந்து டப்பா" என்று கத்தினார். சிரித்தார்கள். அப்பா தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

உங்களைப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னைத் தலைவராக்கினார்கள். இந்தத் தடவை யாரும் படம் எடுக்கவில்லை. மருந்து அடித்த வயலிலிருந்து மூன்று வருஷம் வாங்கக் கூடாது என்பது விதி. நான் போட்ட முதல் கையெழுத்தே அப்பா வயலை நீக்குகிற தாளில்தான். இன்னொரு தடவை நீட்டினாலும் போடுவேன்.

நேற்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்க்கிறார். அம்மா இறந்தபோதுகூட இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

உங்கள்மேல் எனக்குக் கோபம் குறையவில்லை. ஆனாலும் கேட்கிறேன். நீங்களாவது அவரிடம் பேசுங்கள்.

சிட்டு

ஜூன் 26

தலைவர் அவர்களுக்கு,

பேசச் சொன்னாய். பேசினேன். அண்ணன் இனி என் வீட்டில்தான் இருப்பார். நேற்று இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்லவில்லை. "அவ செஞ்சது சரிதான்" என்றார். "ஆனா அந்த வீட்டுல என்னால உக்கார முடியல" என்றார்.

வெண்டைக்காய் முற்றலாக வருகிறது என்று கேள்விப்பட்டேன். நுனியை ஒடித்துப் பார்த்து வாங்கச் சொல். உன் அணிப் பிள்ளைகளுக்கு அது தெரியாது.

அண்ணனுடைய மாத்திரை டப்பா, இரண்டு சட்டை, நீலப் போர்வை மூன்றையும் யாரிடமாவது கொடுத்தனுப்பு.

நீ வர வேண்டாம்.

அத்தை