சரசு அழுத படம்

அக்டோபர் 9, வியாழன்

காலையிலிருந்து மழை. லூனாஸ் பசார் முழுக்கச் சேறு. மீன் வாங்கவில்லை. ஒற்றை ஆளுக்கு எதற்குச் சமையல்.

மதியம் கூலிம் போய்ப் படம் பார்த்தேன். போன வருடம் எங்கள் எஸ்டேட் பழைய லயத்து வீடுகளில் எடுத்த பேய்ப் படம். சரசுவுக்கு அதில் ஒப்பாரி வைக்கும் வேடம். சித்திரையில் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். படம் இப்போதுதான் வருகிறது.

முதல் பாதியில் வந்தாள். பிணத்தின் தலைமாட்டில், நீலச் சேலை. என் பெண்டாட்டிதான். வாய் திறக்கிறாள், குரல் இல்லை. வயலினைப் போட்டு மூடிவிட்டான், மியூசிக் போட்ட பாவி.

அக்டோபர் 10, வெள்ளி

பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. கிளினிக் போக மறந்தேன்.

ஜொகூரிலிருந்து மகன் போன். "படம் எப்படிப்பா? ஓகே லா?"

அந்தப் படத்துக்கு மூலமான நாவலை இரண்டு தடவை படித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது.

நல்லது: தகரக் கூரையில் விழும் மழைச் சத்தம், அசல். ரப்பர் காட்டு இருட்டு. பேய் முதல் தடவை பைப்படியில் சும்மா நிற்கும்போது எனக்கே குலை நடுங்கியது. அதுவரைக்கும் நாவல்தான்.

கெட்டது: மற்றதெல்லாம். நாவலில் அது யாரையும் ஒன்றும் செய்யாது. புருஷன் வேலை முடிந்து வருகிறானா என்று பார்த்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான். படத்தில் கழுத்தை நெரிக்கிறது, கூரைக்குப் பறக்கிறது. கடைசியில் ஒரு பொமோ, மலாய் மந்திரவாதி, வந்து மந்திரம் கத்துகிறார், தியேட்டரில் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். செத்தவள் திரும்பி வந்தால் எதற்கு இப்படி ஓடுகிறான் அந்தப் புருஷன்? நானாக இருந்தால் டீ போட்டுக் கொடுப்பேன்.

மகனிடம் "பரவால்ல"ன்னு சொன்னேன்.

"அம்மா தெரியுறாங்களாப்பா?"

"தெரியுறா."



அக்டோபர் 12, ஞாயிறு

இன்றோடு தியேட்டரிலிருந்து படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். திரும்பப் போனேன். அதே வயலின்.

வெளியே வந்து, காரில் உட்கார்ந்து ராஜனுக்குப் போன் போட்டேன். படத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். "தம்பி, அக்கா அழுத சத்தம் எங்கயாச்சும் வச்சிருப்பாங்களா? அது மட்டும் போதும்."

"இல்லண்ணே. அன்னிக்கு மைக்கே வைக்கல. மியூசிக் போடப் போறோம், வாயை மட்டும் அசைங்கன்னுதான் சொன்னாங்க. அக்காதான் கேக்கல. ஒருத்தன் செத்துக் கிடக்கான், சும்மா எப்படி லா வாயை அசைக்கிறதுன்னு, நெசமாவே அழுதாங்க. லைட் பிடிச்சவன்கூட அழுதுட்டான்."

போனை வைத்தேன். அவள் போன அன்று ஊரே என் முகத்தைப் பார்த்தது, எனக்கு அழுகை வரவில்லை. இப்போது வந்தது. ஸ்டீயரிங்கில் தலையை வைத்து, சத்தம் போட்டு.

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். பக்கத்துக் காரில் ஏற வந்த ஓர் அம்மா, கையில் பாப்கார்ன்.

"என்ன அண்ணே, உடம்பு முடியலையா?"

"இல்லம்மா. அந்தப் பேய்ப் படம் பார்த்துட்டு வந்தேன்."

"ஐயோ, அவ்ளோ பயமா?"

ஆமாம் என்றேன்.