அண்ணன் கட்சியும் என் கட்சியும்

ஜூலை 5, ஞாயிறு

கிளைக் கூட்டம் முடிந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன். தலைவர் ஜெயபாலன் சொன்னதை இன்னும் விழுங்க முடியவில்லை. இந்த இடைத்தேர்தலில் நாங்கள் நிற்கவில்லையாம். தொகுதியை அண்ணன் கட்சிக்கு விட்டுக்கொடுத்தாயிற்றாம்.

"மேல பேசி முடிச்சிட்டாங்கக்கா. இனிமே அவங்க ஆளும் நம்ம ஆளுதான் லா."

அவர்களைத் திட்ட எனக்குச் சொல்லிக்கொடுத்ததே இந்த ஜெயபாலன்தான்! நாங்கள் வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அப்பா கட்சி வேடிக்கை பார்த்தது என்று சொல்லி, சன்னாசி அண்ணன் அந்தப் பக்கம் போனார். அப்பா ஐயாவு தொடங்கிய கிளை என்பதால் நான் இங்கேயே இருந்துவிட்டேன். அதன்பிறகு எத்தனை தீபாவளி – அவர் வருவார், சாப்பிடுவார், அரசியல் பேச்சு வந்துவிடுமோ என்று வாய் திறக்காமலே குனோங் ராபாட்டில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

தலைவர்கள் கை குலுக்கிவிட்டார்கள். எங்கள் வீட்டுத் தீபாவளிகளை யார் திருப்பித் தருவது?

ஜூலை 8

தேர்தல் அறிக்கை வந்துவிட்டது. வழவழப்புத் தாள். எங்கள் பழைய தோட்ட நிலத்தில் தொழிற்பேட்டை, ஆயிரக்கணக்கில் வேலை. இந்தியப் பெண்களுக்குத் தையல் மெஷின், கேக் செய்யப் பயிற்சி.

தோட்டத்தை மூடும்போதும் ஃபேக்டரி வரும் என்றுதான் சொன்னார்கள். வந்தது. ஆஸ்டலில் தங்கவைத்த வெளிநாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஃபேக்டரி பஸ் நாங்கள் குடியேறிய தாமான் வீடுகளைத் தாண்டிப் போனது. அவர்களைக் குறை சொல்லவில்லை, நம் அப்பன் பாட்டனும் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் வேலை வந்தால் போதுமா, வேலைக்குப் போக வழி வேண்டாமா? தேர்தலுக்குத் தேர்தல் மெஷின் கொடுத்து, இப்போது இந்தத் தாமானில் தைக்கக் கொடுக்கிறவர்களைவிட மெஷின்தான் அதிகம். பாசார் மாலாம் இரவுச் சந்தையில் ரெடிமேட் பிளவுஸ் தொங்கும்போது யார் தைக்கக் கொடுப்பார்கள்?

பக்கத்து வீட்டு ஷாமினி ஈப்போவில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறாள். நம் பக்கம் வந்துகொண்டிருந்த பஸ்ஸை நிறுத்தியதிலிருந்து சம்பளத்தில் பாதி கிராப் வாடகைக் காருக்கே போகிறது. அறிக்கையைக் காட்டினேன்.

"மெஷின வச்சிக்கிட்டு நான் என்னாக்கா பண்றது? அது மேல ஏறி ஈப்போ போக முடியுமா?"

ஜூலை 11

இன்று முழுவதும் பழைய நினைப்பு.

தோட்டத்தில் தேர்தல் வந்தால் அம்மா மரவள்ளி மாவில் வாளி நிறையப் பசை காய்ச்சுவார். நானும் அண்ணனும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்துச் சுவரிலிருந்து லயத்துக் கடைசி வீடு வரை சுவரொட்டி ஒட்டுவோம். ஒருமுறை எதிர்க்கட்சிக்காரர்களின் பசை தீர்ந்துபோய் அவர்கள் முழித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா எங்கள் வாளியைத் தூக்கி அவர்களிடம் கொடுத்தார். அண்ணன் கோபப்பட்டார். "ஒட்டட்டும்டா. ரெண்டையும் பாத்துட்டு ஜனங்க முடிவு பண்ணட்டும்" என்றார் அப்பா. செராமா கூட்டம் முடிந்ததும் இரண்டு கட்சிக்காரர்களும் எங்கள் வீட்டு வாசலில்தான் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சண்டை போடுவார்கள்.

அது பொற்காலம் இல்லை. குழாய்த் தண்ணீர் தருவதாகச் சொன்னார்கள்; கடைசிவரை கிணறுதான். ஆனாலும் கேள்வி கேட்டவனை யாரும் துரோகி என்று சொன்னதில்லை.

ஜூலை 12

அண்ணனுக்கு போன் செய்ய நினைத்தேன். செய்யவில்லை.

ஜூலை 18, சனி



கோயில் மண்டபத்தில் செராமா. அண்ணன் கட்சி வேட்பாளர் தர்மேந்திரன் இளம் வக்கீல். அவருக்கு மாலை போட வேண்டியவள் கிளைச் செயலாளர் – நான். போட்டேன். தொழிற்பேட்டை பற்றி அழகாகப் பேசினார். பிறகு இரண்டு பெண்களை மேடைக்குக் கூப்பிட்டு, தையல் மெஷினோடு படம் எடுத்தார்கள். கடைசி வரிசையில் ஷாமினி வேலை உடுப்போடு உட்கார்ந்திருந்தாள்.

என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எழுந்துவிட்டேன்.

"தம்பி, மெஷின் வேணாம். எங்களுக்கு பஸ் வேணும். நின்னுபோன பஸ்ஸப் பத்தி உங்க அறிக்கையில ஒரு வரிகூட இல்லியே?"

ஜெயபாலன் ஓடி வந்தார். "அக்கா, மானத்த வாங்காதீங்க. உக்காருங்க!" தர்மேந்திரன் சிரித்தபடி, "நல்ல கேள்வி, பிறகு பேசலாம்" என்றார். மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. நின்றது நின்றபடி நான். உட்காரவும் முடியவில்லை.

அப்போது மண்டபத்தின் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"பொறகு இல்ல, இப்பவே சொல்லுங்க. என் தங்கச்சி கேட்டுக்கிட்டு நிக்குது."

சன்னாசி அண்ணன். அவர் கட்சிச் சட்டையிலேயே, அவர் கட்சி வேட்பாளரைப் பார்த்து!

பிறகு ஷாமினி எழுந்தாள். ஒவ்வொருத்தியாகப் பெண்கள் எழுந்தார்கள். தர்மேந்திரன் முகத்தில் சிரிப்புப் போனது. "ஜெயிச்சா முதல் வேலையா பஸ்ஸப் பத்திப் பேசுறேன்" என்றார். ஜெயித்தால்தானாம்.

ஜூலை 19

காலையில் ஜெயபாலன் போன் செய்தார். செயலாளர் பதவியில் நான் இனி இல்லை. அப்பா தொடங்கிய கிளை. அழக்கூடாது என்று நினைத்தேன், அழுதேன்.

மத்தியானம் அண்ணன் வந்தார். அவர் கட்சியிலும் நல்ல திட்டு கிடைத்ததாம். வந்ததும் சட்டியைத் திறந்து மிளகாய்ச் சம்பலை ருசி பார்த்தார்.

"சம்பல்ல உப்பு பத்தல."

"இத்தன வருசமா பத்தலதான். இப்பதான் வாய் தெறந்திருக்கீங்க."

ஜூலை 25

ஓட்டுப் போட்டேன். யாருக்கு என்று இங்கேகூட எழுதமாட்டேன். தர்மேந்திரன் தட்டுத் தடுமாறி ஜெயித்துவிட்டார்.

ஆகஸ்ட் 20

ஜெயித்து ஒய்பி, மக்கள் பிரதிநிதி, ஆகிவிட்ட தர்மேந்திரனைப் பிடிக்க முடியவில்லை. அண்ணன் வேனை எடுத்தார். ஷாமினியும் இன்னும் சில பெண்களுமாக ஈப்போவில் பஸ் விஷயம் பார்க்கும் அலுவலகத்துக்கு மறுபடியும் போனோம். போன வாரம் நான் பேசிப் பலிக்கவில்லை; இந்தத் தடவை ஷாமினியே மலாயில் பேசினாள், நான் வாயே திறக்கவில்லை. போகிற வழியெல்லாம் பெட்ரோல் மானியத்தைப் பற்றி அண்ணனோடு சண்டை. பணக்காரன் காருக்கு எதற்கு மானியம் என்று நான், எடுத்தால் ஏழை மோட்டார் சைக்கிளுக்கும் சேர்த்துத்தான் எடுப்பார்கள் என்று அவர். எத்தனை நாளாயிற்று இப்படிச் சண்டை போட்டு!

அக்டோபர் 11, ஞாயிறு

போன வாரத்திலிருந்து பஸ் வருகிறது. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. நிறுத்தத்தில் ஒரு கம்பம் மட்டும்தான், கூரை இல்லை.

கம்பத்தை ஒட்டி இரண்டு கட்சியும் சேர்ந்து பெரிய பேனர் கட்டியிருக்கின்றன. 'சொன்னதைச் செய்தோம்!' தர்மேந்திரன், பக்கத்தில் ஜெயபாலன், இரண்டு பேர் முகத்திலும் முழுச் சிரிப்பு. அண்ணன் பார்த்ததும் வேனிலிருந்து கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினார். "அறுத்துப் போடுறேன் பாரு."

வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. ஷாமினியும் இன்னொரு பெண்ணும் பேனருக்குப் பின்னால் ஒதுங்கி நின்று பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள்.

"விடுங்கண்ணே, கூரை போடற வரைக்கும் நெழலாவது தரட்டும்" என்றேன்.