ஒரே பக்கத்தில் மூன்று ரிக்ரெட்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான், நீயும் மருமகளும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். அம்மாவுக்கு முட்டிவலி குறைந்து மாடிக்கு ஏறி இறங்குகிறாள், உன் தங்கைக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, குளியலறைக் குழாய்தான் எத்தனை வாஷர் மாற்றினாலும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. இதையெல்லாம் போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் மீட்டிங் இருக்குப்பா என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன்.

நம் சுருட்டைத்தலையன் விஷயம். எங்கள் கம்பெனியில் அட்டைப்பெட்டி கட்டிங் மெஷினில் நிற்பானே, நீ கல்லூரிக்குப் போன அன்று உன் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து பஸ் ஏற்றிவிட்டவன், அவனுக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பிளேடுக்கு முன்னால் இருக்கிற தடுப்பு கழன்று நாலு மாதம் ஆயிற்று, மூன்று தடவை எழுதிக் கொடுத்தான், அந்தத் தாள்களை வாங்கி மேலே அனுப்பியவன் ஸ்டோர்கீப்பரான நான். இனி அவனால் மெஷினில் நிற்க முடியாது, ஸ்டோரில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுங்கள், தப்பு எங்களுடையது என்று ஒரு வரி எழுதுங்கள் என்று அவன் மனைவி தலைமை அலுவலகத்துக்கு மனுப் போட்டாள். பதில் வந்ததும் அதை எடுத்துக்கொண்டு கம்பெனிக்கே வந்தாள். இங்கிலீஷில் எது வந்தாலும் சாப்பாட்டு நேரத்தில் எல்லோருக்கும் நடுவில் வாசித்து அர்த்தம் சொல்கிறவன் நான். பிரித்தேன், கீழே உன் கையெழுத்து.

ஆகா, என்ன இங்கிலீஷ்! ஒரே பக்கத்தில் மூன்று ரிக்ரெட். விபத்து நடந்ததற்கு ஒன்று, மனுவை ஏற்க இயலாததற்கு ஒன்று, இம்மாதம் முப்பதாம் தேதியோடு வேலை முடிகிறது என்று தெரிவிக்க ஒன்று. அகராதியைப் புரட்டினேன். தான் செய்ததை நினைத்து வருந்துவது என்று போட்டிருக்கிறது, முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வது என்றும் போட்டிருக்கிறது, கெட்ட சேதியைத் தெரிவிப்பது என்றும் இருக்கிறது. ஒரு இடத்திலும் நீ பிழை விடவில்லை, பரீட்சையாக இருந்தால் நூற்றுக்கு நூறு. அந்த முதல் அர்த்தம் மேலே பட்டுவிடாமல் பக்கம் முழுவதும் ஒதுங்கி ஒதுங்கிப் போயிருக்கிறாய் பார், அதற்குத் தனித் திறமை வேண்டும். தூ. வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்தது இப்படிப் பூசி மெழுகவா? தடுப்பை மாட்ட ஆள் அனுப்ப வக்கில்லாத கூட்டம், கடிதம் எழுத மட்டும் என் பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறது.

வாசித்து முடித்தேன். அவன் மனைவி, வருத்தம் வருத்தம்னு மூணு தடவை சொல்லியிருக்காங்களே அண்ணே, அப்போ வேலை குடுத்துருவாங்கதானே என்று கேட்டாள். இல்லம்மா, நிறுத்திட்டாங்க என்றேன். அப்புறம் எதுக்கு வருத்தம்னு எழுதணும் என்றாள். நான் காகிதத்தை மடித்தேன். எழுதினது யாருண்ணே என்றாள். நீ நம் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே மாறிப்போனது இங்கே யாருக்கும் தெரியாது, சிபாரிசுக்கு வந்து நிப்பாங்க, சொல்லிடாதீங்கப்பா என்று நீதானே வாயைக் கட்டினாய். யாரோ ஆபீசர், பேர் விளங்கலம்மா என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷமாக வாசிக்கிறேன், ஒரு எழுத்தை மறைத்ததில்லை. அன்றைக்கு உன்னைவிடக் கேவலமாக நின்றேன். அதற்கப்புறம் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அவன் எழுதிக் கொடுத்த மூன்று தாள்களின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன். எடுத்துக்கொண்டு உன் பெரிய மனிதர்களிடம் போ, மனுவை மறுபடி எடுக்கச் சொல். எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், நடந்தது என்ன என்று அவளுக்கு நீ தமிழில் எழுத வேண்டும், உன் பேர் போட்டு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. பேரனுக்கு எங்கள் முத்தங்கள். நீ நன்றாக இருக்க வேண்டும், நல்லவனாகவும் இருக்க வேண்டும். முப்பதாம் தேதிக்குள் உன் கடிதம் அவள் கைக்கு வரவில்லை என்றால், அன்று சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் மறுபடி வாசிப்பேன், இந்த முறை கையெழுத்து வரைக்கும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா