தானே இறங்கிய ஃபேடர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா?

கம்ப்யூட்டரில் பாட்டு மிக்ஸ் செய்ய ஒரு கருவி வாங்கிவிட்டேன். ஒலியை ஏற்றி இறக்க மேலும் கீழும் தள்ளும் குமிழை ஃபேடர் என்பார்கள். எட்டு ஃபேடர் உள்ளதும், ஒன்றே ஒன்று உள்ளதும் ஒரே விலை. ஒற்றை ஃபேடரில் மோட்டார் உண்டு. பாட்டை ஓடவிட்டால், முன்பு நாம் கம்ப்யூட்டரில் சத்தத்தை ஏற்றி இறக்கியபடியே அது தானாக நகரும். “ஒண்ணு போதுமா தம்பி?” என்றார் கடைக்காரர். “ஒரு நேரத்துல ஒரு விரல்தானே அண்ணே வேலை செய்யுது” என்றேன். சிரித்துவிட்டார்.

சோதித்துப் பார்க்க, அப்பா சாவதற்கு முன் கடைசியாகப் பாடி அனுப்பியதை ஓடவிட்டேன். ஃபேடர் திடீர் திடீரென்று கீழே இறங்கியது. பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை அம்மா. பாட்டு கெடுகிறதே என்று, அவர் இருமிய இடங்களிலெல்லாம் அன்று நான்தான் மவுஸால் சத்தத்தைக் குறைத்திருந்தேன். பதினேழு இடம். ஏன் இருமுகிறீர்கள் என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

இன்று ஃபேடரை இறங்கவிடாமல் விரலால் பிடித்துக்கொண்டு முழுதாகக் கேட்டேன்.

அவர் போனை யாருக்கும் கொடுத்துவிடாதே. வேறு ஏதாவது பாடி வைத்திருந்தால் அப்படியே அனுப்பு. வேலைக்கு நேரமாகிவிட்டது.

போன ஞாயிறு பேசும்போது நீ இரண்டு தடவை இருமினாய். நாளைக்கே டாக்டரிடம் போ.

உன் மகன்