ஐஸ் அறைக் கதவை மூடாதே

டீச்சரம்மாவுக்கு,

பதினொரு மணிக்கு ஒரு தம்பதி வீடு பார்க்க வருகிறார்கள். நீயே காட்டு. நான் பட்டறைக்குப் போகிறேன்.

"வீட்டை விக்கச் சொன்னா, வந்த ஆளைப் பூட்டி வைக்கிறீங்களே!" என்று நேற்று நீ கத்தியது நியாயம்தான். நம் படுக்கையறை பழைய ஐஸ் தொழிற்சாலையின் குளிர் அறை. சுவருக்குள் ஒரு சாண் தக்கை. கடைத்தெரு இரைச்சல் உள்ளே வராது என்று காட்டத்தான் அந்தப் பெரியவரோடு கதவைச் சாத்திக்கொண்டேன். நாங்கள் போடும் கூச்சலும் வெளியே வராது என்பது உறைக்கவில்லை. அரை மணி கழித்தாவது தேடி வந்தாயே, நன்றி.

சிக்கியது ஏன் என்றால், மேல் கீல் தளர்ந்து கதவு இறங்கிவிட்டது. தாழ்ப்பாளின் நாக்கு துளைக்கு நேராக நிற்பதில்லை. கைப்பிடியைத் தூக்கிக்கொண்டே இழுத்தால் திறக்கும் என்று பிறகுதான் கண்டுபிடித்தேன். இருந்தாலும் இன்று மூடவே மூடாதே. மாலையில் வந்து முடுக்குகிறேன்.

மாடிச் சாவி டீத்தூள் டப்பாவுக்குப் பின்னால். சோறு வடித்துவிட்டேன்.

பி.கு.: ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டால், "எனக்குத் தெருச் சத்தம் ஒத்துக்கல" என்று தரகரிடம் சொன்ன மாதிரி சொல்லாதே. வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் சன்னலில் சாய்ந்து தெருவையே பார்க்கிறவள் நீ. என் முட்டியால் இரும்புப் படி ஏற முடியவில்லை என்றே சொல். பழியை நீ சுமந்தது போதும்.

இன்னொன்று: புது வீடு தரைத்தளமாக இருந்தால் போதும் என்று தரகரிடம் சொல்லியிருந்தேன். தெருவைப் பார்த்த சன்னல் இல்லாத வீட்டைக் காட்டவே வேண்டாம் என்று இன்று காலை சொல்லிவிட்டேன்.