அசல் டியூப்

மார்ச் 2, சனி
பழைய கார் கண்காட்சிக்கு இன்னும் மூன்று வாரம். எந்தக் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதோ அதற்குத்தான் கோப்பை. என் காருக்கு முப்பத்தெட்டு வயது. என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் டியூப்கூட அசல்; தயாரித்த வருடம் அதன்மேல் இன்னும் தெரிகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் பானெட்டைத் திறந்து காட்டிவிடுகிறேன். இப்போதெல்லாம் அதிகம் பேர் வருவதில்லை.

மார்ச் 5, செவ்வாய்
மெக்கானிக் டியூபை லேசாக வளைத்தார். கோடு கோடாக வெடிப்பு.
"ரப்பர் செத்துப்போச்சு சார். டேங்க்ல இருந்து என்ஜின் வரைக்கும் எல்லா டியூபையும் மாத்திடுங்க. சூடான என்ஜின் மேல பெட்ரோல் ஒழுகினா அவ்வளவுதான்."
கண்காட்சி முடியட்டும் என்றேன். மாற்றினால் நாலு மதிப்பெண் போய்விடும் என்பது அவருக்கு எங்கே புரியப்போகிறது!

மார்ச் 9, சனி
மனைவியைக் கடைக்கு அழைத்துப்போனேன். வழக்கம்போல வழி முழுக்கக் கதவுப் பிடியைப் பற்றியபடியே வந்தாள்.
"நான் என்ன அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"
"நீங்க ஓட்டறதுக்கு இல்லீங்க. பெட்ரோல் நாத்தம்."
எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் ஒரு வாசனை அட்டை வாங்கித் தொங்கவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது. என் மூளையே மூளை!

மார்ச் 14, வியாழன்
மனைவி சின்னதாக ஒரு தீயணைப்பு சிலிண்டர் வாங்கியிருக்கிறாள். குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வருகிறாள். கண்காட்சி அன்று ஒளித்துவைக்கச் சொல்ல வேண்டும்.

மார்ச் 23, சனி
கண்காட்சி நாள்.
நடுவர்கள் பக்கத்துக் கார்வரை வந்துவிட்டார்கள். என்ஜினின் சீரான சத்தம் அவர்கள் காதில் விழ வேண்டுமென்று ஓடவிட்டிருந்தேன். மனைவி காருக்குள்ளே. நான் பானெட்டைத் தூக்கி, பாலிஷ் தொட்ட துணியால் டியூபைத் தேய்த்தேன் — ரப்பர் பளபளக்க வேண்டுமாம் துரைக்கு! கட்டைவிரலுக்கடியில் பிளந்தது. பெட்ரோல் பீச்சியடித்தது.
நான் கத்தினேன். என்னவென்று? "பெயின்ட்! பெயின்ட்!" பொண்டாட்டி உள்ள உக்காந்திருக்கா, பெட்ரோல் பட்டு பெயின்ட் கெட்டுடுமேன்னு எனக்கு வாயில வந்தது பெயின்ட். த்தூ.
சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்து, சிலிண்டரோடு இறங்கி, என் காலரைப் பிடித்து இழுத்துப்போனவள் அவள்தான். தீப்பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்?

மார்ச் 24, ஞாயிறு
இரண்டு வருடமாக அந்த நாற்றத்தோடுதான் வந்திருக்கிறாளாம். இன்றைக்குத்தான் கேட்கத் தோன்றியது — "அவ்வளவு பயம்னா, ஏன் என்கூட வந்தே?"
"நீங்க தனியா போவீங்களே."
பாத்திரங்களை நான் கழுவினேன். ஒரு தம்ளர் உடைந்தது.

மார்ச் 27, புதன்
எல்லா டியூபும் புதிது, கிளிப்புகளும். டேங்க் பக்கம் இருந்தது இன்னும் மோசமாம். மெக்கானிக் பழையதைச் சுருட்டிக் கையில் கொடுத்தார். "கோப்பைக்குப் பதிலா வச்சுக்குங்க சார்." மேசைமேல் வைத்திருக்கிறேன். தொட்டால் உதிர்கிறது.

மார்ச் 31, ஞாயிறு
மச்சினி வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டர். பாதி வழியில் அவள் பேச்சு நின்றுவிட்டது. கோபமோ என்று திரும்பிப் பார்த்தேன்.
சிலிண்டர் காலடியில் கிடந்தது. இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.
மச்சினி வீடு வந்தும் நான் எழுப்பவில்லை. தெருவை இன்னும் இரண்டு சுற்று சுற்றினேன்.